முதல் பிரசவம் சிசேரியன், இப்போது 35 வாரம்: இந்த நேரத்தில் மருத்துவரை மாற்றலாமா?

கேள்வி கேட்டிருக்கும் சகோதரிக்கு முதல் குழந்தை சிசேரியன். இப்போது 35 வாரம். இத்தனை மாதமும் "நார்மலுக்கு முயற்சி பண்ணலாம்" என்று சொல்லிவந்த மருத்துவர், போன வாரம் திடீரென்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வேறு மருத்துவரிடம் போகலாமா, இல்லை இவ்வளவு தாமதமாக மாறுவது ஆபத்தா என்று கேட்கிறார்.

போகலாம். நானும் 36வது வாரத்தில் மாறியவள்தான். ஆனால் புது மருத்துவரைத் தேடுவதற்கு முன்னால், உங்கள் முதல் சிசேரியனின் ஆபரேஷன் குறிப்பைக் கையில் வாங்கிவிடுங்கள். நான் அதைக் கடைசியில்தான் வாங்கினேன். முதலிலேயே வாங்கியிருந்தால் அந்தக் கர்ப்பகாலமே எனக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

முதல் பிரசவத்தில் வலி ஒரு பகலும் ஒரு இரவும் நீண்டது. கர்ப்பப்பை வாய் முழுவதும் திறந்து, முக்கவும் சொல்லிவிட்டார்கள். குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் இறங்கி அங்கேயே சிக்கிக்கொண்டது. துடிப்பு குறைகிறது என்று அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். மகன் நல்லபடியாகப் பிறந்தான். எனக்கு அடிவயிற்றில் குறுக்காக ஒரு மெல்லிய தழும்பு. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அவசர சிசேரியன், தாயும் சேயும் நலம்' என்று ஒரு வரி. என் உடம்பில் என்ன நடந்தது என்பது பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூன்று வருடம் கழித்து இரண்டாவது கர்ப்பம். அப்போது பார்த்த மருத்துவர் தழும்பைப் பார்த்துவிட்டு, "குறுக்குத் தையல்தானே, முயற்சி பண்ணிப் பார்க்கலாம்" என்றார். ஒவ்வொரு மாதமும் அதையே சொன்னார். நானும் நம்பி, நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி என்று தயாரானேன். 35வது வார ஸ்கேனைப் பார்த்ததும், "குழந்தை பெரிசா இருக்கும்போல. எதுக்கு ரிஸ்க்? தேதி குறிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிடச் சொன்னார். ஏன், என்ன ரிஸ்க் என்று கேட்க வாய் திறப்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார்.

கடைசி மாதங்களில் ஸ்கேன் சொல்லும் எடை 10 முதல் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். குழந்தை பெரிது என்ற கணிப்பை மட்டும் வைத்து முயற்சியைக் கைவிடத் தேவையில்லை என்றுதான் மகப்பேறு மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. முதலிலிருந்தே அவர் மனதில் ஆபரேஷன்தான் இருந்தது, என்னை வைத்துக்கொள்ளத்தான் சரி சரி என்றார் என்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் புது மருத்துவரிடம் போனேன். சிசேரியனுக்குப் பிறகான சுகப்பிரசவத்துக்கு நிறையப் பேருக்கு உதவியவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பழைய ஆபரேஷன் நோட் எங்கம்மா?"

"டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கு டாக்டர்."

"இது போதாது. வெளித்தோல்ல இருக்கிற தையல் எனக்கு எதுவும் சொல்லாது. உள்ளே கர்ப்பப்பையை எப்படி வெட்டினாங்கன்னு தெரியணும். வாய் முழுசா திறந்து, தலை சிக்கினப்புறம் பண்ணின ஆபரேஷன்னு சொல்றீங்க. அதைப் பார்க்காம நான் ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

பழைய மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து, என் கணவர் மூன்று முறை அலைந்து, நான்காம் நாள் இரண்டு பக்கம் கையில் வந்தது. புது மருத்துவர் முதல் பக்கத்தை வேகமாகப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் நடுவில் ஒரு வரியில் அவருடைய பேனா நின்றது. அப்புறம் என் ஸ்கேன் உறையைத் திருப்பிப்போட்டு, தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் மாதிரி ஒரு கர்ப்பப்பை வரைந்தார். அதன் அடிப்பகுதியில் குறுக்காக ஒரு கோடு. "வழக்கமா இதோட முடிஞ்சிடும்." அந்தக் கோட்டின் நடுவிலிருந்து மேல்நோக்கி இன்னொரு கோடு இழுத்தார். "உங்களுக்கு இதையும் வெட்டியிருக்காங்க. தலை வெளியே வராததால இடம் போதலை."

தலைகீழான ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருந்தது. அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன்.

கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி மெல்லியது, வலியின்போது அதிகம் சுருங்காதது. அங்கே குறுக்காக வெட்டித் தைத்த தழும்பு அடுத்த பிரசவ வலியைப் பெரும்பாலும் தாங்கும். மேல்பகுதிதான் சுருங்கி விரியும் கனமான தசை. வெட்டு அதற்குள் ஏறிவிட்டால், வலி வரும்போது தழும்பு பிரியும் வாய்ப்பும் ஏறுகிறது. கர்ப்பப்பையை நெடுக்காக வெட்டியவர்களுக்கும் இப்படி 'டி' வடிவில் வெட்டியவர்களுக்கும், வலி தொடங்குவதற்கு முன்பே ஆபரேஷன் செய்துவிடத்தான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். "ஒரு தடவை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்" என்ற பேச்சு வந்ததும் இந்த மாதிரி வெட்டுக் காலத்தில்தான். எட்வின் கிரேகின் என்ற அமெரிக்க மருத்துவர் 1916இல் சொன்னது அது. அன்றைக்கு நெடுக்கு வெட்டுதான் வழக்கம். கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டு பரவலான பிறகும் அந்த வாக்கியம் மட்டும் போகவில்லை.

நான் அன்று அந்த அறையில் அழுதேன். ஆபரேஷன் என்றதற்காக இல்லை. மூன்று வருடம் இதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறேன், ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. முதல் மருத்துவமனையில் சொல்லவில்லை. இரண்டாவது மருத்துவர் கேட்கவே இல்லை. அவர் சொன்னபடியே வலிக்காகக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. 37வது வாரத்துக்குத் தேதி குறித்தோம். அதுவரை வயிறு ஒவ்வொரு முறை இறுகும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். மகள் ஆபரேஷனில் பிறந்தாள். இருவரும் நலம்.

உங்களுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று பயந்துவிடாதீர்கள். இப்போது செய்யப்படும் சிசேரியன்களில் பெரும்பாலானவை கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டுதான். அப்படி ஒரே ஒரு சிசேரியன் ஆனவர்களில் முயற்சி செய்யும் 100 பேரில் 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. தழும்பு பிரிவது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு, அதிகம் போனால் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. முதல் ஆபரேஷன் குழந்தை தலைகீழாகத் திரும்பாததால் நடந்தது என்றால் வாய்ப்பு இன்னும் நல்லது. என்னோடு வேலை செய்யும் தோழிக்கு அதுதான் காரணம். அவளும் 37 வாரத்தில் மருத்துவரை மாற்றினாள், பதினோரு மணி நேர வலிக்குப் பின் சுகமாகப் பெற்றாள்.

மாறுவதற்கு முன் இப்போதைய மருத்துவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "போன மாதம் இல்லாத எது இப்போது புதிதாக வந்திருக்கிறது?" நஞ்சுக்கொடி (பிளசென்டா) கீழே, பழைய தழும்பின் மேல் படிந்திருக்கிறது என்றால் அது உண்மையான காரணம். நஞ்சுக்கொடி தழும்புக்குள் வேர்விட்டால் உயிருக்கே ஆபத்தான ரத்தப்போக்கு வரும். ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், குழந்தையின் வளர்ச்சி குறைந்திருக்கலாம். இவையெல்லாம் திட்டத்தை மாற்ற வைப்பவை, இன்னொரு மருத்துவரும் அதையேதான் சொல்வார். புதிதாக எதுவும் இல்லை, "எதுக்கு ரிஸ்க்" மட்டும்தான் பதில் என்றால் தாராளமாக மாறுங்கள்.

புது மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அவசர ஆபரேஷன் தேவைப்பட்டால் எத்தனை நிமிடத்தில் தொடங்குவார்கள்? மயக்க மருந்து கொடுப்பவர் உள்ளேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? ரத்தம் தயாராக இருக்குமா? தழும்பு பிரிகிறது என்பதற்குப் பெரும்பாலும் குழந்தையின் துடிப்பு மாறுவதுதான் முதல் அடையாளம். அதனால் வலி முழுவதும் துடிப்பைத் தொடர்ந்து பார்க்கும் வசதியும், பக்கத்திலேயே ஆபரேஷன் அறையும் இல்லாத இடத்தில் முயற்சி செய்யாதீர்கள். வீட்டில் பெற்றுக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தேதி தாண்டினால் வலி வரவைக்க என்ன செய்வார் என்றும் கேளுங்கள். மிசோப்ரோஸ்டால் மாத்திரையை, முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த மாதங்களில் வலி வரவைக்கக் கொடுக்கக் கூடாது. ஆக்ஸிடோசின் டிரிப்பைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள், அதற்கும் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. இதை விளக்கிச் சொல்லும் மருத்துவரை நம்பலாம். நோட்டைப் படிக்காமலே "கண்டிப்பா நார்மல்தான்" என்று கையடித்துச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், பலரும் மறக்கும் ஒன்று: அவர் ஊரில் இல்லாத நாளில் வலி வந்தால் யார் பார்ப்பார், அவருக்கும் இதில் சம்மதமா? நான் கேட்டபோது என் மருத்துவர் உடனே அந்த இன்னொருவரை அறைக்கு அழைத்து அறிமுகம் செய்தார்.

உங்களுக்கு இன்னும் நாலைந்து வாரம் இருக்கிறது, அது போதும். ஆனால் காகிதத்துக்கு நாளைக்கே எழுதிக் கொடுங்கள். பெயர், பிரசவ தேதி, நோயாளி எண் மூன்றையும் போட்டு, 'ஆபரேஷன் நோட் நகல்' என்று தெளிவாக எழுதுங்கள். வெறுமனே 'ரிப்போர்ட்' என்று எழுதினால் டிஸ்சார்ஜ் சம்மரியையே இன்னொரு பிரதி எடுத்துக் கொடுப்பார்கள். எங்களுக்கு முதல் முறை அப்படித்தான் கொடுத்தார்கள்.