பெரும்பாலோர் கேள்விப்படாத, ஆனால் உங்களால் மறக்க முடியாத விளையாட்டு வீரர் யார்?

எரிக் குண்டர்சன். டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்பீட்வே (நீள்வட்ட மண் தளத்தில் ஓட்டும்) மோட்டார் சைக்கிள் வீரர். யார் இவர் என்று விழிப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் விழித்தேன். பிரேக்கே இல்லாத வண்டியில் பந்தயம் ஓட்டுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். அவர் கதை விடுகிறார் என்று காட்டுவதற்காகப் பழைய பந்தயப் பதிவுகளைத் தேடினேன். அன்று படுக்கப் போகும்போது மணி இரண்டு.

பிரேக் உண்மையிலேயே கிடையாது. 500 சிசி, ஒற்றை சிலிண்டர், ஒரே கியர், எரிபொருள் மெத்தனால். நான்கு பேர் நான்கு சுற்று ஓட வேண்டும். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசி ஆளுக்குப் பூஜ்யம். வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இரும்புத் தகடு மாட்டிய இடது பூட்ஸை மண்ணில் தேய்த்துக்கொண்டே போவார்கள். வண்டி இடப்பக்கம் வளைந்து போகும், ஹேண்டில்பாரோ வலப்பக்கம் திரும்பியிருக்கும்! இது கண்ணுக்குப் பிடிபடவே நான் நாலைந்து முறை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது.

குண்டர்சன் எஸ்பியர் நகரில் 1959 அக்டோபரில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குப் போய் கிரேட்லி ஹீத் அணியில் சேர்ந்தார். அங்கே ஓட்டிய காலம் முழுவதும் அந்த ஓர் அணிக்குத்தான். 1984இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் உலகச் சாம்பியன். மறு ஆண்டு இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மூன்று பேர் சமப் புள்ளியில் நிற்க, கூடுதல் ஓட்டத்தில் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

அவர் கதையை ஹான்ஸ் நீல்சனை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. அவரும் டென்மார்க்காரர், அதே 1959இல் டிசம்பரில் பிறந்தவர். 1984 முதல் 1989 வரை ஆறு உலகப் பட்டங்களை இந்த இருவர் மட்டுமே ஆளுக்கு மூன்றாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். தனிநபர் போட்டியில் எதிரிகள். இரட்டையர் போட்டியிலோ ஒரே ஜோடி. 1986இலிருந்து தொடர்ந்து நான்கு முறை உலக இரட்டையர் பட்டமும் இவர்களுடையதே. பங்காளிச் சண்டையும் கூட்டு வியாபாரமும் ஒரே வீட்டில் நடந்தது போல!

1988 தனிநபர் இறுதிப் போட்டி டென்மார்க்கின் வோயன்ஸில். அந்த ஓடுதளத்தை உருவாக்கியவர், டென்மார்க்கின் முதல் ஸ்பீட்வே உலகச் சாம்பியனான ஓலே ஓல்சன். குண்டர்சனும் நீல்சனும் 14 புள்ளிகளில் சமமாக நின்றார்கள். மறுபடி ஓடியதில் வென்றவர் குண்டர்சன். சொந்த நாட்டில், சொந்த நாட்டுக்காரரிடம் அப்படித் தோற்ற நீல்சனை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாகத்தான் இருக்கிறது.

1989 செப்டம்பர் 17. மீண்டும் பிராட்ஃபோர்ட், உலக அணிக் கோப்பை இறுதிப் போட்டி. முதல் ஓட்டத்தின் முதல் வளைவிலேயே நால்வரும் மோதி விழுந்தார்கள். நான்கு வண்டிகளும் ஒரே நேரத்தில் உள்பக்க இடத்துக்கு நெருக்கியடிக்கும் அந்த வளைவுதான் இந்த விளையாட்டில் எப்போதுமே ஆபத்தானது. குண்டர்சனுக்குப் படுகாயம். பிழைப்பாரா என்பதே நிச்சயமில்லாமல் இருந்தது. முப்பது வயது நிறைய மூன்று வாரம்தான் பாக்கி.

பிழைத்தார். நடக்க மறுபடி கற்றுக்கொண்டு நடந்தார். பந்தய வாழ்க்கை மட்டும் அந்த வளைவோடு முடிந்துவிட்டது. நீல்சன் 1995இல் நான்காவது பட்டத்தையும் வென்றார். குண்டர்சன் விழாமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கு எப்படிப் போயிருக்கும் என்று நானும் என் நண்பரும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். அவர் நீல்சன் கட்சி.

பார்க்க ஆசைப்பட்டால் 1988 வோயன்ஸ் பதிவில் தொடங்குங்கள். பிராட்ஃபோர்டைத் தேட வேண்டாம்.