என் தோட்டத்துக் குளவி புது இனமா? எப்படித் தெரிந்துகொள்வது?

முருங்கையில் எடுத்த படத்தைப் போட்டு, "எந்தப் புத்தகத்திலும் இல்லை, புது இனமா, என் மகள் பெயரை வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் வைக்கலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் படத்தை வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். இது புதுசு என்று நிரூபிப்பதென்றால், இதுவரை பெயர் வைத்த எதுவும் இது இல்லை என்று நிரூபிக்க வேண்டும். வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

என் துறையே இந்த ஒட்டுண்ணிக் குளவிகள்தான், அதாவது வேறு பூச்சிகளில் முட்டையிட்டு, அவற்றைத் தின்றே வளரும் குளவிகள். பூச்சி பிடிக்க மலையடிவாரத்தில் வைத்த மஞ்சள் தட்டில் ஒரு பெண் குளவி விழுந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சிகளைத் தாக்கும் என்சிர்டிடே குடும்பம். இறக்கையையும் உணர்கொம்பையும் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சுத்தம் செய்து, கிராம்பு எண்ணெயில் தெளியவிட்டு, கனடா பால்சம் என்கிற பிசினில் பதித்தேன். அந்தக் கிராம்பு வாசம் மாலை வரை விரலில் இருக்கும். இந்தக் குடும்பத்தின் முன்னிறக்கையில் முடியே இல்லாத ஒரு சாய்ந்த பட்டை உண்டு. என் குளவியில் அந்தப் பட்டையின் குறுக்கே ஒரு முடி வரிசை ஓடியது. கிடைத்த விளக்கங்கள் எதிலும் அப்படி இல்லை.

அன்றே எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒற்றை உடல், அதுவும் பெண் மட்டும். அந்த முடி வரிசை இனத்தின் அடையாளமா, இந்த ஒரு குளவியின் கோளாறா? அடுத்த பருவத்தில் மாவுப்பூச்சி பிடித்த கிளைகளைக் கொண்டுவந்து கூண்டில் வைத்து, அதே முடி வரிசையோடு குளவிகள் ஆணும் பெண்ணுமாக வெளிவந்த பிறகுதான் நம்பினேன். அப்புறம் பழைய ஹோலோடைப்களின், அதாவது ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தபோது ஆதாரமாகக் குறித்த ஒற்றை மாதிரிகளின், படங்களை வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலிருந்து கேட்டு வாங்கி ஒப்பிட்டேன்.

"டிஎன்ஏ பார்த்தால் ஒரே நாளில் தெரியுமே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். நானும் பார்க்கிறேன், நல்ல கருவி. ஆனால் ஒப்பிட, ஏற்கெனவே பெயர் வைத்த இனத்தின் டிஎன்ஏ வரிசையும் இருக்க வேண்டும். நூறு வருடத்துப் பழைய ஹோலோடைப்கள் பலவற்றுக்கு அது கிடையாது. 2021-இல் கோஸ்டா ரிக்காவின் 403 குளவி இனங்களைப் பெரும்பாலும் டிஎன்ஏ பார்கோடை (இனத்தை அடையாளம் காட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்தே அறிவித்தபோது, எங்கள் துறையிலேயே பெரிய சண்டை நடந்தது.

"பூச்சிக்குப் பெயர் வைத்து யாருக்கு என்ன லாபம்?" என்பதற்கும் சொல்லிவிடுகிறேன், அது எனக்கு வலிக்கிற கேள்வி. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளையாகப் படிந்து காய்ந்தன. மருந்தடித்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று குளவிகளை வரவழைத்து விட்டார்கள். அதில் முக்கிய வேலையைச் செய்தது அசெரோபேகஸ் பப்பாயே. அதை நோய்ஸ், ஷாஃப் என்ற பூச்சியியலாளர்கள் இருவரும் 2003-இல்தான் விவரித்துப் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்த விவரிப்பு இல்லாவிட்டால் எந்தக் குளவிக்கு இறக்குமதி அனுமதி கேட்பது? வந்து சேர்ந்தது அதுதான் என்று எப்படிச் சரிபார்ப்பது?

இவ்வளவுக்குப் பிறகும், நான் முன்பு இருந்த நிறுவனத்தில் மாதிரிகள் வைத்த அறைக்கு ஏசி கேட்டால் நிதி இல்லை என்பார்கள். கூட்ட அரங்கில் ஆளே இல்லாமல் இரண்டு ஏசி ஓடும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த பெட்டிகளை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பல குளவிகள் கிடைத்தால் நல்லது. மருந்துக்கடை ஸ்பிரிட்டிலாவது போட்டு வையுங்கள், 95 சதவீத எத்தனால் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்த மரம், எந்த ஊர், என்ன தேதி, கூட எந்தப் பூச்சி இருந்தது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பக்கத்து வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையில் கொடுங்கள். புது இனம் என்று உறுதியானால், 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அரசு அறிவித்த காப்பகம் ஒன்றில் மாதிரியை ஒப்படைக்க வேண்டும். அந்த வேலையை, இனத்தை விவரிப்பவர்களே பார்த்துக்கொள்வார்கள். சீட்டை மட்டும் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.