ஒன்றுக்குக் கோடு, மற்றதற்கு ஏன் இல்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜீப்ரா டானியோ, முத்து டானியோ என்ற இரண்டு சிறு மீன்களுக்கும் கறுப்பு, மஞ்சள், வெள்ளி என்று அதே மூன்று வகை நிறமிச் செல்கள்தான் என்று எழுதியிருந்தீர்கள். குஞ்சாக இருக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரிகின்றன. வளர்ந்தபின் ஜீப்ரா டானியோவுக்கு மட்டும் எப்படிக் கோடு வருகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மஞ்சள் செல் எப்போது, எங்கே நிறம் பிடிக்கிறது என்பதைப் பாருங்கள். விடையில் பெரும்பகுதி அங்கேதான்.

ஜீப்ரா டானியோ சுமார் 6 மி.மீ நீளம் வளர்ந்ததும் விலாவின் நடுவில் வெள்ளிச் செல்கள் தலைகாட்டும். அவை சுரக்கும் சிஎஸ்எஃப்1 என்ற புரதம் கிடைக்கும் இடத்தில்தான் மஞ்சள் செல்கள் நிறம் பிடிக்கும். கறுப்புச் செல்கள் வெள்ளியும் மஞ்சளும் சேர்ந்த அந்த வெளிறிய பட்டையின் மேலும் கீழும் சேர்ந்து முதல் இரண்டு கோடுகளாகும். இன்னும் முதிராத மஞ்சள் செல்கள் நீண்ட மெல்லிய இழைகளை நீட்டும். இழையின் நுனியிலுள்ள குமிழைப் பற்றி இழுத்துக்கொண்டு போவது மேக்ரோஃபேஜ், அதாவது கிருமியை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்! குமிழ் ஒட்டிய கறுப்புச் செல் வெளிறிய பட்டையை விட்டுக் கோட்டுக்குள் நகரும். இந்தத் தொடர்பை அறுத்தால் கறுப்புச் செல்கள் பட்டையிலேயே சிதறிக் கிடக்கும்.

முத்து டானியோவிலோ சிஎஸ்எஃப்1 சீக்கிரமே உடல் முழுக்கச் சுரந்துவிடுகிறது. எங்கும் மஞ்சள் முந்திக்கொள்ள, கறுப்புச் செல்களுக்கு ஒதுங்க இடமில்லை. ஆய்வாளர்கள் ஜீப்ரா டானியோவிலும் அதேபோல முன்கூட்டிச் சுரக்கவைத்தார்கள், கோடுகள் குலைந்துபோயின. 2014இல் வெளியான முடிவு இது.

எல்லா உறவு மீன்களுக்கும் இதே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டானியோ நைக்ரோஃபேசியாட்டஸ் என்ற உறவு மீனில், வெள்ளிச் செல்களைப் பெருக்கும் எண்டோதீலின்-3 என்ற புரதம் குறைவு. அதனால் வெள்ளிச் செல்லும் குறைவு, கோடும் குறைவு. கடைகளில் தனி இனம் போல விற்கும் சிறுத்தை டானியோ வேறு கதை: செல்களுக்கிடையே வாசல் அமைக்கும் கனெக்சின் மரபணு ஒன்று பழுதான ஜீப்ரா டானியோதான் அது.

நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பதானால் வயதை நாள் கணக்கில் எடுக்காதீர்கள். தொட்டியில் நெரிசல் இருந்தாலோ தீனி குறைந்தாலோ வளர்ச்சி பின்தங்கும், கோடும் தாமதமாகும். மூக்கு நுனியிலிருந்து வால்துடுப்பின் அடிவரை அளந்து, சம நீள மீன்களையே ஒப்பிடுங்கள். கறுப்புச் செல்களை எண்ணுவதென்றால் மீன் வெளிர் தரைமேல் சிறிது நேரம் இருக்கட்டும். கருந்தரையில் மெலனின் என்ற கறுப்பு நிறமி செல் முழுக்கப் பரவி, பக்கத்துச் செல்லோடு கலந்து தெரியும், எண்ணிக்கை தப்பும்.