அமெரிக்கச் சிற்றூர்களின் ஸ்பீடு கேமரா பாதுகாப்புக்கா, வசூலுக்கா? நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. அமெரிக்காவில் நெடுஞ்சாலையோரச் சிற்றூர்கள் கேமரா வைத்து வெளியூர் வண்டிகளிடம் பணம் கறக்கின்றன என்பது உண்மையா? அப்படி ஒரு நோட்டீஸ் வீட்டுக்கு வந்தால் பேசாமல் கட்டிவிட வேண்டியதுதானா?

முதல் பகுதிக்குப் பதில்: சில ஊர்களைப் பொறுத்தவரை உண்மைதான், எல்லா ஊர்களும் அப்படி இல்லை. கேமராவை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அது எந்தச் சாலையில் நிற்கிறது, வசூலாகும் பணம் யாருக்குப் போகிறது, இந்த இரண்டையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஊர்க்காரர்கள் தினமும் போய்வரும் தெருவில் கேமரா இருந்தால், ஆளுக்கு ஒன்றிரண்டு நோட்டீஸ் வாங்கியதும் கால் தானாக பிரேக்குக்குப் போகும். மாதம் போகப் போக வசூல் இறங்கும். கேமரா தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மேரிலாண்டின் மாண்ட்கோமரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) நடந்த ஆய்வு, கேமரா வந்த சாலைகளில் விபத்து நடந்தாலும் அது உயிரிழப்பிலோ உடல் முடங்கும் காயத்திலோ முடியும் வாய்ப்பு 19 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. ஆகவே கேமரா என்றாலே மோசடி என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஊரை ஊடுருவிப் போகும் நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. இன்று கடப்பவர் நாளை வரப்போவதில்லை. நோட்டீஸ் தபாலில் வந்து சேரும்போது அவர் பல நூறு மைல் தள்ளி இருப்பார். போலீஸ்காரர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னால் அந்த நிமிடமே வேகம் குறையும். இங்கே அதுவும் இல்லை. யாரும் பாடம் கற்பதில்லை, அதனால் வசூலும் குறைவதில்லை. எனவே ஒரு ஊரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘முதல் ஆண்டு எத்தனை டிக்கெட் (அபராத நோட்டீஸ்), மூன்றாம் ஆண்டு எத்தனை?’ எண்ணிக்கை அப்படியே நின்றால், ஒன்று கேமரா தவறான இடத்தில் இருக்கிறது, அல்லது வசூலுக்குச் சரியான இடத்தில் இருக்கிறது.

ஒஹாயோவில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. சின்சினாட்டியை ஒட்டிய எல்ம்வுட் பிளேஸ், சுமார் 2,000 பேர் வாழும் ஊர். 2012-இல் கேமரா வந்தது, டிக்கெட் ஒன்றுக்கு 105 டாலர். முதல் மாதமே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட டிக்கெட், அதாவது மக்கள்தொகையைப் போல மூன்று மடங்கு. வசூலில் 40 சதவீதம் கேமரா நிறுவனத்துக்கு. ‘நான் வேகமாக ஓட்டவில்லை’ என்று வாதாட வேண்டுமானால் அதற்கும் 25 டாலர் கட்ட வேண்டும். 2013 மார்ச்சில் கவுண்டி நீதிபதி அந்த ஊரின் கேமரா சட்டமே செல்லாது என்று தீர்ப்பளித்தார். பிறகு வசூலித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. கிளீவ்லாந்துப் பக்கம் லின்டேல் என்று ஒரு ஊர். 2010 கணக்கெடுப்பில் 179 பேர். ஐ-71 நெடுஞ்சாலையின் ஒரு சின்னத் துண்டு, கால் மைல் அளவுக்கு, அதன் எல்லைக்குள் வருகிறது. அந்தத் துண்டில் போலீசார் எழுதிய டிக்கெட்டுகள்தான் ஊருக்குப் பெரிய வருமானமாக இருந்தன.

இவ்வளவு சின்ன ஊருக்கு இது ஏன் இத்தனை பெரிய ஆசையைக் கிளப்புகிறது என்பது ஒரு மாதிரிக் கணக்குப் போட்டால் புரியும். சாலையில் ஒரு நாளைக்கு 8,000 வண்டி. நூற்றில் ஒன்று வரம்பைத் தாண்டினால் 80. நம்பர் பிளேட் தெரியாதவை, இரண்டு வண்டி ஒரே படத்தில் விழுந்தவை என்று கழித்தால் 50 மிஞ்சும். அதில் 30 பேர் ஆளுக்கு 100 டாலர் கட்டினால் நாளுக்கு 3,000 டாலர். நிறுவனத்துக்கு 40 சதவீதம் போனாலும் ஊருக்கு 1,800. ஆண்டுக்கு 6,57,000 டாலர். கடைத்தெருகூட இல்லாத, வீட்டு வரியை ஏற்றினால் அடுத்த தேர்தலில் தோற்றுவிடுவோம் என்று பயப்படும் ஊர்மன்றத்துக்கு இது எப்படித் தோன்றும் என்று நினைத்துப் பாருங்கள். கட்டுகிறவர்களில் அந்த ஊர் வாக்காளர்கள் மிகக் குறைவு.

ஊர் கேமரா நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது தேட வேண்டியது பணம் கொடுக்கும் முறை. கேமரா ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று நிலையான வாடகை இருந்தால் பரவாயில்லை. கட்டப்பட்ட டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று இருந்தால், டிக்கெட் கூடக் கூட நிறுவனத்துக்கு லாபம். மூன்றாவது வகைதான் கண்ணுக்குத் தெரியாமல் நுழைவது. வெளியில் நிலையான வாடகை மாதிரி இருக்கும். உள்ளே ஒரு பிரிவில், ‘வசூல் வாடகையை எட்டாவிட்டால் மீதியை ஊர் தர வேண்டாம்’ என்று எழுதியிருப்பார்கள். ஊருக்கு நஷ்டமே இல்லை என்று மன்றக் கூட்டத்தில் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுவார்கள். நடைமுறையில் அதுவும் கமிஷன்தான், ஏனென்றால் வசூல் இருந்தால்தான் நிறுவனத்துக்கு முழுப் பணம். முன்கூட்டியே ரத்து செய்தால் ஊர் கட்ட வேண்டிய தொகையையும் பாருங்கள். புது மன்றம் வந்து கேமராவை எடுக்க நினைத்தாலும் கையைக் கட்டிப்போடுவது அந்தத் தொகைதான்.

மாநிலங்கள் இதை வெவ்வேறு விதமாக அடக்கப் பார்த்திருக்கின்றன. மேரிலாண்டில் கேமராவின் நிகர வசூல் ஊரின் மொத்த வருவாயில் 10 சதவீதத்தைத் தாண்டினால், மிச்சம் மாநிலக் கருவூலத்துக்குப் போய்விடும். 2014-இல் டிக்கெட் கணக்கில் நிறுவனத்துக்குப் பணம் தருவதையும் அங்கே தடை செய்தார்கள். ஒஹாயோ 2019-இல் இன்னும் நேரடியாக அடித்தது: கேமராவில் எவ்வளவு வசூலித்தாயோ, அந்த அளவுக்கு மாநிலம் உனக்குத் தரும் உள்ளாட்சி நிதியில் கழிவு. நியூபர்க் ஹைட்ஸ் என்ற சிற்றூர் இதை எதிர்த்துப் போன வழக்கில், 2022-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஐயோவாவில் 2024 சட்டப்படி 20,000 பேருக்குக் குறைந்த ஊர்கள் நடமாடும் கேமராவை வைத்து எச்சரிக்கை மட்டுமே அனுப்பலாம், அபராதம் போட முடியாது. நிலையான கேமராவுக்கு மாநிலப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும். முதல் சுற்றில் வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றை அந்தத் துறை நிராகரித்தது. மிசோரியிலோ, 2015-இல் மோலின் ஏக்கர்ஸ் என்ற சிற்றூரின் ஸ்பீடு கேமரா சட்டமே செல்லாது என்றது மாநில உச்ச நீதிமன்றம். என் பார்வையில் ஒஹாயோவின் வழிதான் உருப்படியானது. பாதுகாப்புக்காகவே வைத்திருந்தால் பணம் கழிக்கப்பட்டாலும் கேமரா நிற்கும்.

இனி கேமரா நிற்கும் இடம். ஒரு சாலையில் நூறு வண்டிகளில் 85 எந்த வேகத்துக்குள் போகின்றனவோ, அதை ஒட்டி வரம்பு வைப்பதே பொறியாளர்களின் பழைய வழக்கம். ஊர் எல்லையில் 55 மைல் திடீரென்று 35 ஆகும் இடங்களில்தான் சிக்கல். வரம்பு 10 மைலுக்கு மேல் குறைந்தால் ‘முன்னால் வேகம் குறைகிறது’ என்ற மஞ்சள் பலகையை முன்பே வைக்கச் சொல்கிறது தேசிய சாலைக்குறிக் கையேடு. விநாடிக்கு 3 மைல் என்று இதமாகக் குறைத்தால் 55-இலிருந்து 35-க்கு வர ஏறக்குறைய 7 விநாடி ஆகும், அதற்குள் வண்டி 440 அடி ஓடியிருக்கும். முன்னறிவிப்பு இல்லாமல், 35 பலகைக்கு 200 அடி தள்ளிக் கேமரா இருந்தால், ஒழுங்காக ஓட்டுகிறவரும் மாட்டுவார். (ஃபுளோரிடாவின் வால்டோ, வரம்பு அடிக்கடி மாறும் சாலைக்குப் பேர்போன ஊர். அங்கே போலீசாரே நின்று பிடித்தார்கள். ஆளுக்கு இத்தனை டிக்கெட் எழுதியே ஆக வேண்டும் என்ற கோட்டா விவகாரம் வெடித்து, 2014-இல் ஊரின் போலீஸ் துறையையே கலைத்தார்கள்.)

இரண்டாவது பகுதிக்கு வருகிறேன். நோட்டீஸ் வந்ததும் முதலில் அது அசல்தானா என்று பாருங்கள். குறுஞ்செய்தியில் வரும் சுட்டியைத் தொட்டுப் பணம் கட்டவே கட்டாதீர்கள். ஊரின் அதிகாரப்பூர்வத் தளத்தை நீங்களே திறந்து, நோட்டீஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இது குற்ற வழக்கு அல்ல, உரிமையாளர் மீதான சிவில் அபராதம். லைசென்ஸில் விதிமீறல் புள்ளி ஏறாது. அதற்காகக் குப்பையில் போடவும் கூடாது. ஜார்ஜியாவில் கட்டாமல் விட்டால் வண்டிப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. ஃபுளோரிடாவின் பள்ளிப் பகுதிக் கேமராவில் 30 நாளுக்குள் கட்டவோ, விசாரணை கேட்கவோ, வண்டி தன்னிடம் இல்லை என்று பிரமாணப் பத்திரம் தரவோ வேண்டும். தவறினால் முழு டிராஃபிக் டிக்கெட்டாக மாறும்.

அடுத்து தேதிகள். மீறல் நடந்த நாளையும் தபால் முத்திரை நாளையும் ஒப்பிடுங்கள். மேரிலாண்டில் உள்மாநில வண்டிக்கு இரண்டு வாரத்துக்குள்ளும் வெளிமாநில வண்டிக்கு 30 நாளுக்குள்ளும் அனுப்பியிருக்க வேண்டும். உறையைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பகுதி என்றால், படத்தில் உள்ள நேரம் பள்ளி நேரத்துக்குள் வருகிறதா, மஞ்சள் விளக்கு மின்னியதா என்று வீடியோவில் பாருங்கள். ஃபுளோரிடாவிலும் ஜார்ஜியாவிலும் வரம்புக்கு மேல் 10 மைலைத் தாண்டினால்தான் டிக்கெட், மேரிலாண்டில் குறைந்தது 12 மைல் கூடுதலாக இருக்க வேண்டும்.

பிறகு கணக்கு. நோட்டீஸில் நேர முத்திரையோடு இரண்டு படங்கள் இருந்தால் வேகத்தை நீங்களே சரிபார்க்கலாம். மணிக்கு 1 மைல் என்பது விநாடிக்கு 1.467 அடி. அமெரிக்கச் சாலைகளில் விட்டுவிட்டுப் போடும் வெள்ளைக் கோடு வழக்கமாக 10 அடி, இடைவெளி 30 அடி. ஒரு கோட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை 40 அடி. கோடு தெரியாவிட்டால் வண்டியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரமே அளவுகோல் (டொயோட்டா காம்ரியில் சுமார் 9 அடி 3 அங்குலம்). நோட்டீஸ் 47 மைல் என்கிறது, படங்களுக்கு இடையே 0.5 விநாடி என்று வையுங்கள். உண்மையில் 47 என்றால் வண்டி 34.5 அடி நகர்ந்திருக்க வேண்டும். படத்தில் 26 அடிதான் நகர்ந்திருந்தால் வேகம் 35.5 மைல். மேரிலாண்டின் ஃபாரஸ்ட் ஹைட்ஸ் ஊரில், தன் நிறுவன வண்டிகளுக்கு வந்த டிக்கெட்டுகளை ஒரு கடைக்காரர் இந்த வழியில்தான் நீதிமன்றத்தில் உடைத்தார்.

இதில் சறுக்குகிற இடங்கள் உண்டு. சக்கரம் தரையைத் தொடும் புள்ளியை மட்டுமே அளக்க வேண்டும், கூரையையோ பம்பரையோ அளந்தால் கோணம் ஏமாற்றும். வண்டி கேமராவை விட்டு விலகிப் போனால் தூரத்தில் உள்ளது சிறியதாகத் தெரியும், அதனால் சாலைக் கோட்டோடு ஒப்பிடுவதே நல்லது. தளத்தில் உள்ள வீடியோ மறுபடி சுருக்கப்பட்டதாக இருக்கலாம். ஃபிரேமை எண்ணாமல், படத்தில் பதிந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் இரண்டு மூன்று மைல் என்றால் விட்டுவிடுங்கள், அது உங்கள் அளவின் பிழையாகவே இருக்கும். பெரும்பாலான நேரம் கருவி சொன்னது சரி என்றுதான் கணக்கும் சொல்லும்.

கருவி தவறுவது எப்போது? சாலையோர ரேடார் குறுக்குக் கோணத்தில் பார்க்கும், அந்தக் கோணத்துக்கு ஏற்ப வேகத்தைத் திருத்திக்கொள்ளும். 22 டிகிரி என்று அமைத்துவிட்டு, உண்மையில் 18 டிகிரியாக இருந்தால் 40 மைல் 41 என்று காட்டும். பெரிய பிழை அல்ல. வளைவில் வைத்தால்தான் கோணம் வண்டிக்கு வண்டி மாறும். அதைவிட மோசமானது பக்கத்து லாரியின் எதிரொலி உங்கள் வண்டியின் கணக்கில் சேர்வது. படத்தில் அருகே பெரிய வண்டி இருந்தால் அதைக் கட்டாயம் சுட்டிக்காட்டுங்கள். பால்டிமோரில் 2012-இல் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்த காருக்கு 38 மைல் என்று டிக்கெட் போனது. அடுத்த ஆண்டே அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது.

விசாரணை கேட்டால், தினசரிச் சோதனைப் பதிவையும் ஆண்டு அளவுத்திருத்தச் சான்றிதழையும் எழுத்தில் கேளுங்கள். கேமராவின் வரிசை எண் சான்றிதழில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கருவியை மாற்றிவிட்டுப் பழைய சான்றிதழை நீட்டியிருந்தால் இந்த ஒப்பீட்டில்தான் தெரியும். வாடகைக் கார் என்றால் நோட்டீஸ் முதலில் வாடகை நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் கட்டிவிட்டு, மேலே ஒரு கையாளும் கட்டணத்தையும் உங்கள் கார்டில் போடக்கூடும். அப்படி ஆனபின் வாதாடுவது கடினம். அந்த ஊரில் மாட்டியிருப்போம் என்று சந்தேகம் இருந்தாலே, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘நோட்டீஸ் வந்தால் என் பெயருக்கு மாற்றிவிடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.