ஸ்டுட்கார்ட்டில் ஜிம்: கையெழுத்துப் போடும் முன்

தம்பி, கோவையிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, அறைக்குப் பக்கத்திலேயே ஒரு ஜிம், வாரம் 9.99 யூரோ, ஆனால் 24 மாத ஒப்பந்தம் என்கிறார்கள், சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில் "பிடிக்காவிட்டால் நின்றுகொள்ளலாம்தானே?" என்று ஒரு வரி போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நம் ஊரில் மாதா மாதம் காசு கட்டுவோம். போகாத மாதம் கட்ட மாட்டோம். மாஸ்டர் வழியில் பார்த்தால் "என்னப்பா, ஆளையே காணோம்" என்பார், அவ்வளவுதான். இங்கே அப்படி இல்லை. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொண்டிருப்பார்கள். வங்கியில் சொல்லித் தடுத்தால் முதலில் நினைவூட்டுக் கடிதம் வரும், அப்புறம் இன்காஸோ எனும் வசூல் நிறுவனத்தின் கடிதம் வரும். அந்தக் கடிதத்துக்கான செலவும் நம் தலையில்தான்.

நான் பட்டதைச் சொல்கிறேன். 2017 மார்ச்சில் இதே ஊரில் ஒரு ஜிம்மில் 24 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். மாதம் 25 யூரோ. எட்டு மாதத்தில் வேலை மாறி டார்ட்முண்ட் போய்விட்டேன். போன் போட்டு, ஊர் மாறிவிட்டேன், அங்கே உங்கள் கிளை இல்லை என்றேன். வருத்தம் தெரிவித்தார்கள், ஒப்பந்தம் தொடரும் என்றார்கள். சண்டை போடலாம் என்று விசாரித்தால், ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2016 மே மாதமே இதைத் தீர்த்து வைத்திருந்தது. வேலைக்காகவே ஊர் மாறினாலும் அது நம் பாடு, அதைச் சொல்லி ஒப்பந்தத்தை நடுவில் முறிக்க முடியாது. சரி, மிச்சம் 16 மாதம் அழுதுவிடலாம் என்று விட்டுவிட்டேன். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதைக் கவனிக்கவில்லை. இன்னொரு வருஷம் தானாக நீண்டது. மொத்தம் 28 மாதம், 700 யூரோ, ஒரு டம்பெல்லைக்கூடத் தொடாமல். வீட்டில் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள்.

இப்போது சட்டம் கொஞ்சம் இளகியிருக்கிறது. 2022 மார்ச் 1 முதல் போட்ட ஒப்பந்தமென்றால், முதல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வருஷக் கணக்கில் நீட்ட முடியாது. ஒரு மாத அறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். ஆனால் அந்த முதல் காலம் 24 மாதம்வரை இருக்கலாம், அதில் மாற்றமில்லை. நிறுத்துவதற்கு மின்னஞ்சல் போதும். இணையத்தில் ஆள் சேர்க்கும் ஜிம் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் தளத்தில் பொத்தான் வைத்தாக வேண்டும். அந்த ரத்துக்கு ஜெர்மனில் ஒரு சொல் உண்டு. அப்படியே தமிழில் எழுதினால் சிரிப்பீர்கள், க்யுண்டிகுங் என்று நாசூக்காக எழுதி வைக்கிறேன்.

பலருக்குத் தெரியாத ஒன்று. ஜிம்முக்கே போய் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால், மனம் மாறி மறுநாள் போய் நின்றாலும் திரும்பப் பெறும் உரிமை சட்டப்படி கிடையாது. அதே ஒப்பந்தத்தை வீட்டிலிருந்து இணையத்தில் போட்டால் 14 நாள் அவகாசம் உண்டு. வரவேற்பில் இருப்பவர் "இன்றைக்குச் சேர்ந்தால் சேர்க்கைக் கட்டணம் இல்லை" என்று இனிக்க இனிக்கப் பேசுவார். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

விலையையும் ஒரு தடவை கணக்குப் போடுங்கள். வாரம் 9.99 என்றால் மாதம் 40 என்று தோன்றும். வருஷத்துக்கு 52 வாரம், ஆக மாதம் 43.29. இதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது பிடிப்பார்கள், சின்ன எழுத்தில் இருக்கும். ப்ரோபெட்ரைனிங் எனும் இலவச ஒத்திகை கேட்டால் கொடுப்பார்கள். அதற்கு ஞாயிறு காலையில் போகாதீர்கள். வேலை முடிந்து நீங்கள் உண்மையில் போகப்போகிற மாலை ஆறு மணிக்குப் போய், பெஞ்சுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். மூன்று மாதம்தான் ஆகிறது என்றால் வேலையில் சோதனைக் காலம் இன்னும் முடிந்திருக்காது, வழக்கமாக அது ஆறு மாதம். அதற்குள் 24 மாதத்துக்கு எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது. மாதா மாதம் நிறுத்தும் வகையிலும் பல ஜிம்கள் சேர்த்துக்கொள்கின்றன. சில யூரோ கூட ஆகும், ஆகட்டும்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஃபெரைன் எனும் விளையாட்டுச் சங்கங்கள். 1811-இல் பெர்லினில் யான் என்பவர் திறந்தவெளி உடற்பயிற்சித் திடல் தொடங்கியதிலிருந்து வளர்ந்த பழக்கம் இது. ஸ்டுட்கார்ட்டிலேயே 1843-இல் தொடங்கிய எம்.டி.வி. சங்கம் இருக்கிறது (பாட்டுச் சானல் இல்லை). கட்டணம் பெரும்பாலும் குறைவு, பூப்பந்து, நீச்சல், முதுகுப் பயிற்சி என்று ஏதாவது கிடைக்கும். முக்கியமாக, ஆட்கள் பேசுவார்கள். ஜிம்மில் எல்லாரும் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பார்கள். சங்கத்தில் அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்து உங்கள் ஜெர்மனைத் திருத்துவார். என் ஜெர்மன் பாதி டார்ட்முண்ட் பூப்பந்துக் கூடத்தில் வந்ததுதான். ஒரு எச்சரிக்கை, 2022 சட்டம் சங்கங்களுக்குப் பொருந்தாது. பெரும்பாலும் வருஷக் கடைசியில்தான் விலக முடியும், அவர்கள் விதிமுறையைப் படித்துவிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டிலும் கேளுங்கள். ஜிம் சந்தா தர மாட்டார்கள், ஆனால் அங்கீகாரம் பெற்ற யோகா, முதுகுப் பயிற்சி மாதிரி வகுப்புகளில் வருஷத்துக்கு இரண்டு வகுப்புக்கு ஆகும் செலவில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவார்கள்.

அப்புறம் சானா. கொஞ்சம் வசதியான ஜிம்களில் இருக்கும். ஆண் பெண் சேர்ந்து, உடம்பில் துணியில்லாமல் உட்காருவதுதான் இங்கே வழக்கம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நான் முதல் நாள் நீச்சல் கால்சட்டையோடு போய் உட்கார்ந்தேன், ஒரு பாட்டி சுவரில் இருந்த பலகையைக் காட்டி, சுகாதாரக் கேடு என்று திட்டிவிட்டார். கூச்சமாக இருந்தால் போகவே வேண்டாம், கட்டாயமில்லை. போவதென்றால் கீழே விரித்து உட்கார ஒரு துண்டு வேண்டும், பெரிதாக வாங்குங்கள்.