ஆலையிலும் பட்டறையிலும் உடற்பரிசோதனை: கேள்வி பதில்

காவிரிப் படுகையில் உள்ள ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் உடற்பரிசோதனை செய்துவரும் தொழில்சார் மருத்துவர் ஒருவர், உரிமையாளர்களும் தொழிலாளர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி (அரிசி ஆலை உரிமையாளர், மன்னார்குடி): வணக்கம் அம்மா. எங்கள் ஆலையில் அறுபது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், தைராய்டு எல்லாம் அடங்கிய 'மாஸ்டர் செக்கப்' ஒன்றைச் சலுகை விலையில் செய்து தருவதாக ஓர் ஆய்வகத்தினர் சொல்கிறார்கள். அதைச் செய்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. அந்தப் பட்டியலில் உங்கள் ஆலை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், ஓரிடத்திலும் இருக்காது. வங்கி எழுத்தருக்கும் அரிசியைத் தீட்டும் பாலிஷர் இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கும் ஒரே பட்டியலை நீட்டினால் அது பொது உடல்நலப் பரிசோதனை. அதில் தவறில்லை, ஆனால் தொழிலக உடற்பரிசோதனை வேலையிலிருந்து தொடங்க வேண்டும். ஊசியை எடுப்பதற்கு முன் மருத்துவர் உங்கள் ஆலையை ஒருமுறை சுற்றி வரட்டும். நெல் கொட்டும் குழியருகே எழும் தூசி, கொதிகலனில் உமி எரியும் வெப்பம், சாம்பல் அள்ளுபவர் மீது படியும் துகள் (உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா), உமி நீக்கும் இயந்திரமும் பாலிஷரும் எழுப்பும் இரைச்சல், சாக்கு சுமப்பவரின் முதுகு ஆகியவற்றைக் கண்ணால் பார்த்த பிறகுதான் யாருக்கு எந்தச் சோதனை என்று எழுத முடியும்.

உங்கள் ஆலைக்கு நான் முதலில் எழுதுவது செவித்திறன் சோதனை. இரைச்சலால் வரும் கேட்புக் குறைபாடு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளமாகத் தொடங்குகிறது. அன்றாடப் பேச்சு பெரும்பாலும் அதற்குக் கீழ்ப்பட்ட அதிர்வெண்களில் நடப்பதால் பாதிக்கப்பட்டவர் நன்றாகக் கேட்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டச் சொல்லும்போது குறை முற்றியிருக்கும். நம் நாட்டு விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன; 85ஐத் தாண்டும்போதே ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் அவர் இரைச்சலிலிருந்து விலகியிருக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடித்தவரை அப்படியே வரிசையில் நிறுத்தினால், தற்காலிகமாக மந்தமான காதைத்தான் நீங்கள் அளக்கிறீர்கள். ஆலை அலுவலகத்தில் மின்விசிறி சுழல, பக்கத்தில் இயந்திரம் ஓட, தலையில் ஹெட்போனை மாட்டிச் செய்யும் சோதனைக்குக் காகித மதிப்புகூடக் கிடையாது. ஒலி புகாத அறை வேண்டும்.

அடுத்தது மூச்சுத்திறன் சோதனை. முழு மூச்சை இழுத்து, ஒரேயடியாக வேகமாக ஊதி, குறைந்தது ஆறு விநாடி விடாமல் ஊத வேண்டும். ஏற்கத்தக்க மூன்று ஊதல்கள் கிடைக்கும் வரை தொழில்நுட்பர் பொறுமையாக நிற்க வேண்டும். ஒப்புக்கு ஒருமுறை ஊதச் சொல்லி அச்சிட்டுத் தரும் வரைபடங்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். முதுகு, மூட்டு, ரத்த அழுத்தம், வாகனம் ஓட்டுபவர்களுக்குப் பார்வை ஆகியவை எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான். தைராய்டு இந்தப் பட்டியலில் வராது.

கேள்வி (உணவக உரிமையாளர், கும்பகோணம்): சமையல்காரர்களுக்கும் பரிமாறுபவர்களுக்கும் மருத்துவச் சான்று வேண்டும் என்கிறார்கள். விடால் சோதனை, எச்.ஐ.வி. சோதனை இரண்டும் கட்டாயமா?

பதில்: உணவுப் பாதுகாப்பு உரிமம் தொடர்பான 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணைப்படி, உணவைக் கையாளுபவரை ஆண்டுக்கு ஒருமுறை பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதித்துச் சான்று தர வேண்டும்; குடற்காய்ச்சல் வகை நோய்களுக்குத் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். தோல், நகம், கண், ஆறாத புண், வயிற்றுப்போக்கு ஆகியவற்றைப் பார்ப்பதே இதன் சாரம். விடால் என்பது டைபாய்டுக்கான ரத்தச் சோதனை; காய்ச்சலே இல்லாதவருக்கு அதை எடுப்பதில் பயன் இல்லை. பழைய தொற்றாலும் தடுப்பூசியாலும்கூட அது நேர்மறை காட்டும். எச்.ஐ.வி. உணவின் வழியாகப் பரவுவதில்லை. அது மட்டுமன்று, வேலை தருவதற்கு அந்தச் சோதனையை நிபந்தனையாக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சான்றை வாங்கிச் சட்டகமிட்டு மாட்டிவிட்டு, வயிற்றுப்போக்கோடு வந்தவரைத் தோசைக்கல் முன் நிறுத்தும் உணவகங்கள் நம் ஊரில் உண்டு. உடல் சரியில்லாத நாளில் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். சான்றைவிட அது சாப்பிட வருபவர்களைக் காக்கும்.

கேள்வி (தனியார் பள்ளி ஊழியர், திருவாரூர்): பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

பதில்: சர்க்கரை, கொழுப்புச் சோதனைகள் இருந்தால் ஆய்வகம் சொன்னபடி வாருங்கள். செவி, மூச்சு, பார்வைச் சோதனைகளுக்குப் பட்டினி தேவையில்லை.

கேள்வி (சிலை வார்ப்புப் பட்டறை நடத்துபவர், சுவாமிமலை): அம்மா, தலைமுறையாகச் செய்யும் தொழில். பட்டறையும் வீடும் ஒரே கட்டடம். எங்களைப் போன்றவர்களுக்கும் பரிசோதனை தேவையா, அல்லது பெரிய ஆலைகளுக்கு மட்டும்தானா?

பதில்: எனக்கு வந்த கேள்விகளில் மிகவும் அவசியமானது உங்களுடையதுதான். செம்போடும் பித்தளையோடும் சிறிதளவு ஈயமும் சேர்த்து உருக்குகிறீர்கள். ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடுகிறது; செம்பு உருக 1,085 பாகை வேண்டும். ஆக மூசையில் செம்பு உருகி நிற்கும் வேளையில் ஈயம் தாராளமாகப் புகைந்துகொண்டிருக்கும். பித்தளையிலுள்ள துத்தநாகத்தின் புகையும் அதனுடன் சேரும். வார்ப்பு நாளன்று மாலையில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து ஓரிரு நாளில் தானாக விட்டுவிடுவதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிந்திருப்பார்கள். அது துத்தநாகப் புகையின் வேலை. துத்தநாகம் இப்படித் தன்னைக் காட்டிக்கொண்டு போய்விடும். ஈயம் சத்தமில்லாமல் எலும்பில் தங்கிவிடும்.

ஆகவே உங்களுக்கு வேண்டிய முதல் சோதனை ரத்தத்தில் ஈய அளவு. சிரையிலிருந்து எடுக்கும் ரத்தமாக இருக்கட்டும். ஊசி குத்துவதற்கு முன் அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், அரம் போட்ட கையில் ஒட்டியிருக்கும் துகளே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து ஈயம் வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்தது. இதனுடன் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும்.

வீடும் பட்டறையும் ஒன்று என்றீர்கள். எனக்குக் கவலை அங்கேதான். உலையருகே உடுத்திய வேட்டியோடு கூடத்தில் உட்காருவதும், அதே துணியைக் குழந்தையின் துணியோடு ஊறப்போடுவதும் ஈயத்தை உள்ளே கொண்டுவரும். கருவுற்ற பெண்களும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் அந்த வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் சோதியுங்கள். உலைக்கு மேல் புகைக்கூண்டு, வார்ப்புக்குத் தனி உடை, கைகால் கழுவாமல் வெற்றிலை போடாதிருத்தல் ஆகிய மூன்றும் எந்த மாத்திரையையும்விட முந்தியவை.

கேள்வி (ஆய்வக முகவர், தஞ்சாவூர்): நிறுவனங்களுக்கு எந்த 'பேக்கேஜ்' சிறந்தது என்று பரிந்துரைக்க முடியுமா?

பதில்: முடியாது. காரணம் மன்னார்குடிக்காரருக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது.

கேள்வி (சுமைதூக்கும் தொழிலாளி, நீடாமங்கலம்): அரிசி ஆலையில் ஆண்டுப் பரிசோதனை செய்தார்கள். எனக்குச் சர்க்கரை அதிகம் என்று வந்தது. அறிக்கை நேராக மேலாளர் கைக்குப் போய், மறுநாளே "உனக்கு உடம்பு சரியில்லை, வர வேண்டாம்" என்றுவிட்டார். இது சரியா அம்மா?

பதில்: சரியன்று, ஐயா. முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள்: அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும், நிறுத்தாமல் சாப்பிடுங்கள். சர்க்கரை இருப்பதாலேயே ஒருவர் மூட்டை தூக்கத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் செருப்பில்லாமல் சுமக்கக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொண்டு திடீரென மயக்கம் வருபவர் உயரத்தில் ஏறக் கூடாது. மருத்துவர் இதை ஒரு வரியில் நிபந்தனையாக எழுதியிருக்க வேண்டும். மேலாளருக்குப் போக வேண்டியது 'தகுதி', 'நிபந்தனையுடன் தகுதி', 'தற்போது தகுதியில்லை' என்ற முடிவு மட்டுமே. சர்க்கரை எவ்வளவு என்ற எண் உங்களுக்கும் மருத்துவருக்கும் உரியது. வேலைநீக்கத்தைப் பற்றித் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள்.

மறுகேள்வி (அரிசி ஆலை உரிமையாளர், மன்னார்குடி): மன்னிக்க வேண்டும் அம்மா. பணம் கொடுப்பவன் நான். நாளைக்கு அப்படிப்பட்ட ஒருவர் என் ஆலையில் விழுந்தால் வழக்கும் என் மேல்தான். அறிக்கையைப் பார்க்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?

பதில்: விழாமல் தடுக்க உங்களுக்குத் தேவைப்படுவது நிபந்தனை. "உயரத்தில் ஏற்ற வேண்டாம்" என்ற வரி அதைத் தந்துவிடுகிறது. சர்க்கரை 240 என்ற எண் அதற்கு மேல் எதையும் தருவதில்லை. செலவு உங்களுடையது என்பது உண்மை, அது சட்டம் உங்கள் மீது வைத்த கடமை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பும் ஆண்டுப் பரிசோதனையை இலவசமாகச் செய்துதரும் பொறுப்பை உரிமையாளரிடமே கொடுக்கிறது. கடமையைச் செய்வதால் தொழிலாளியின் உடம்புக்குள் பார்க்கும் உரிமை விலைக்கு வந்துவிடாது.

மறுகேள்வி (மனிதவள அலுவலர், நாகப்பட்டினம்): தொழிற்சாலைகள் சட்டத்தின் 41சி பிரிவே உரிமையாளர் மருத்துவ ஆவணங்களைப் பேண வேண்டும் என்று சொல்லியிருந்ததே! பார்க்காமல் எப்படிப் பேணுவது?

பதில்: நல்ல கேள்வி, அந்தப் பிரிவைப் படித்தவர் என்பதே மகிழ்ச்சி. ஆனால் முழுதும் படியுங்கள். அபாயமான செய்முறைகளில் வேதிப்பொருளுக்கும் நச்சுக்கும் ஆளாகும் தொழிலாளர்களைப் பற்றியது அது. அதே வாக்கியம் அந்த ஆவணங்கள் தொழிலாளருக்குக் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பேணுவது என்றால் தொழிலக மருத்துவரின் பொறுப்பில், பூட்டிய அலமாரியில், ஆண்டுக்கணக்கில் அழியாமல் வைப்பது. மேலாளரின் மேசையில் கிளிப் போட்டு வைப்பதன்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1998இல் வெளியிட்ட நெறிமுறைகளும் தகுதி பற்றிய முடிவு மட்டும் நிர்வாகத்துக்குப் போதும் என்கின்றன. விதிவிலக்கு ஒன்று உண்டு: ஈய நச்சு, சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் போன்று சட்டம் பட்டியலிட்ட தொழில்நோயைக் கண்டால், மருத்துவர் அதை அரசின் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

மறுகேள்வி (தொழிற்சங்கப் பொறுப்பாளர், திருவாரூர்): அப்படியானால் பரிசோதனையே வேண்டாம் என்று எங்கள் ஆட்கள் மறுத்துவிடலாமே? வந்தால் வேலை போகிறது.

பதில்: அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, அறிவுரையை ஏற்க மாட்டேன். பத்து ஆண்டு இரைச்சலில் நின்றவர் பின்னாளில் இழப்பீடு கேட்கும்போது, சேர்ந்த நாளில் காது எப்படி இருந்தது என்று காட்ட அடிப்படை வரைபடம் வேண்டும். அது இல்லையென்றால் "முன்பே இப்படித்தான்" என்பார்கள். மறுப்பதற்குப் பதிலாக, அறிக்கை யாரிடம் போகும் என்பதைப் பரிசோதனைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்; மன்னார்குடி ஐயாவும் அதற்குக் கையெழுத்திட்டால் இந்த விவாதம் இங்கேயே முடியும்.

மறுகேள்வி (அரிசி ஆலை உரிமையாளர், மன்னார்குடி): எழுதித் தருகிறேன். ஆனால் நிபந்தனை தெளிவாக இருக்க வேண்டும். "கவனமாக வேலை செய்யவும்" என்று மருத்துவர் எழுதினால் நான் என்ன செய்வது?

பதில்: நியாயம். அப்படி எழுதும் மருத்துவரிடம் அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். என்ன வேலை, எவ்வளவு எடை, எத்தனை நாளுக்கு, மறுபரிசோதனை எப்போது என்று நான்கும் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி (துணிக்கடை விற்பனையாளர், தஞ்சாவூர்): வேலையில் சேரும்போது கர்ப்பப் பரிசோதனை கேட்கிறார்கள், மாதவிடாய் நாளையும் படிவத்தில் எழுதச் சொல்கிறார்கள்.

பதில்: எழுத வேண்டாம், அம்மா. ஆயுள் காப்பீட்டுக் கழகப் படிவத்தில் இருந்த இத்தகைய கேள்விகள் பெண்ணின் மானத்துக்கு இழுக்கு என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. கடைக்காரர் உங்கள் உடல்நலத்தில் அக்கறை காட்ட விரும்பினால் உட்கார இருக்கை போடட்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் அது சட்டப்படியான கடமை.

கேள்வி (வேளாண் பணிக் குழு நடத்துபவர், பாபநாசம்): மருந்து தெளிக்கும் ஆட்களுக்கு என்ன சோதனை?

பதில்: ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளைத் தெளிப்பவர்களுக்கு ரத்தத்தில் உள்ள கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியின் அளவு. ஆளுக்கு ஆள் இயல்பு அளவு மாறுவதால், தெளிப்புப் பருவம் தொடங்கும் முன்பே ஒருமுறை எடுத்து வைத்தால்தான் பின்னர் எடுப்பதை ஒப்பிட முடியும். சிவப்பணுவில் உள்ள அளவு, பருவத்துக்கு முன் எடுத்த அளவில் 70 சதவீதமோ அதற்குக் கீழோ போனால் அவரைத் தெளிப்பு வேலையிலிருந்து எடுத்துவிடுவது கலிபோர்னியா மாநில விதி. எனக்கு அது ஏற்புடையது. சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலை நினைவில் வையுங்கள்.

கேள்வி (கொள்முதல் நிலையத் தொழிலாளி, வலங்கைமான்): நாங்கள் யாருடைய பட்டியலிலும் இல்லை. எங்களை யார் பரிசோதிப்பார்கள்?

பதில்: 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2024 முதல் பணியிடத்துக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். உங்கள் வட்டார மருத்துவ அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்து, நெல் வரத்து உச்சத்தில் இருக்கும் மாதத்தில் நிலையத்துக்கே வரச் சொல்லுங்கள். அதில் முதுகைப் பார்க்க மாட்டார்கள் என்பது என் குறை; நாற்பது கிலோ சிப்பத்தை நாள் முழுதும் தூக்குபவருக்கு அதுதான் முதலில் வேண்டும்.

கேள்வி (பெயர் இல்லை): எந்த மாஸ்டர் செக்கப் நல்லது?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி (சர்க்கரை ஆலைத் தொழிலாளி, தஞ்சாவூர் மாவட்டம்): வேலையை விட்டு வருகிறேன். ஆலை மருத்துவரிடம் என் பழைய அறிக்கைகளைக் கேட்டால் "தர முடியாது" என்கிறார்.

பதில்: எழுத்தில் கேளுங்கள், தேதியிட்ட நகலில் ஒப்புகை வாங்குங்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும். மூச்சுத்திறன் வரைபடங்களையும் மார்பு எக்ஸ்ரேயையும் மறவாமல் வாங்குங்கள். பூஞ்சை பிடித்த கரும்புச் சக்கையின் தூசி நுரையீரலைப் பாதித்திருந்தால், அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது பழைய படத்தைத்தான்.