15 வயது மகனுக்குக் கடுமையான மனநலப் பாதிப்பு. வெளியூர் மனநல விடுதியில் சேர்ப்பதா, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா?

வீட்டில்தான். ஆனால் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மட்டும் பார்த்துவிட முடியும் என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் எழுதவில்லை என்றாலும், விடுதி யோசனையைச் சொன்னது சொந்தக்காரர் ஒருவராகத்தான் இருக்கும். பாதிப் பணம் தருவதாகவும் சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் அது என் கொழுந்தனார். பையனை அனுப்பிவிட்டால் தன் பெண்ணின் கல்யாணப் பேச்சு சுலபமாக முடியும் என்பது அவர் கணக்கு.

நாங்கள் ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். மகனுக்குப் பத்தாம் வகுப்பில் இருமுனை மனநிலைக் கோளாறு என்று தெரிந்தது. இரவு முழுக்கத் தூங்காமல் கடைச் சரக்கையெல்லாம் இறக்கி அடுக்குவான். தடுத்தால் கை ஓங்குவான். பிறகு வாரக்கணக்கில் போர்வைக்குள் கிடப்பான். டாக்டர் லித்தியம் எழுதிக் கொடுத்தார். அதை விழுங்கினால் மட்டும் போதாது, இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பாக இரத்தம் எடுப்பார்கள். வாந்தி எடுத்தாலோ தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டாலோ அளவு ஏறி உடம்புக்கே ஆபத்தாகிவிடும். எங்கள் பிள்ளைக்கோ இரத்தம் கொடுக்க மலையிறங்கிப் போகும்போது, மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்குவதற்குள் குமட்டிவிடும்.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கிற டாக்டர் இதற்கெல்லாம் காவல் இருக்க முடியுமா? ஊர்தான் இருந்தது. பஸ் கண்டக்டர் முன் இருக்கையை ஒதுக்கி வைப்பார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அவனுடைய தண்ணீர் பாட்டில் காலியாகிறதா என்று பார்ப்பார். கண் சிவந்திருந்தால் அன்றைக்கே போன் செய்வார். அவன் பள்ளிக்குப் போகாத மாதங்களில், எஸ்டேட் ரைட்டர் காப்பிப் பழம் எடை போடும் இடத்தில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார். நானும் கூடவே இருந்தேன், ஒரு மணி நேரம்தான். குழந்தைத் தொழிலாளர் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவன் குளித்தான்.

அமெரிக்காவில் குடும்பம், பள்ளி, மருத்துவர் எல்லோரையும் பிள்ளையைச் சுற்றி ஒரே குழுவாக உட்காரவைக்கும் முறை 1980-களிலிருந்தே இருக்கிறது. இங்கே ஒவ்வொருவர் வீட்டு வாசலாகப் போய் நாம்தான் சேர்க்க வேண்டும். கூச்சமாக இருக்கும். நோயின் பெயரைச் சொல்லவே வேண்டாம். எதைக் கவனிக்க வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை காலையில் சுற்றுலா வருகிறவர்கள் வளைவிலேயே காரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். கோடை விழா சமயத்தில் கேட்கவே வேண்டாம். பஸ் நகராது, இரத்தம் எடுக்கும் நேரம் தவறும், அன்றைய அலைச்சல் வீண். மலையில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள் ஐயா!

நான் டாக்டர் இல்லை. மருத்துவமனையே வேண்டாம் என்று சொல்வதாகத் திரிக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் உடனே அழைத்துப் போகத்தான் வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் குறைந்தவர்களைத் தவிர்க்க முடியாத நிலையில்தான் உள்நோயாளியாகச் சேர்க்கலாம். பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தங்கவைக்க வேண்டும். பெற்றோரோ துணைக்கு ஒருவரோ கூடவே இருக்க வேண்டும். 30 நாளைத் தாண்டினால் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது எங்கேயும் குற்றம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் இறந்தது நினைவிருக்கும். பலர் சங்கிலியோடு இருந்தார்கள்.

நடு இரவில் அவன் கத்தினால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். உங்கள் சொந்தக்காரர் அப்படியும் விடவில்லை என்றால், அவர் சொல்லும் விடுதி மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, பெற்றோரை உடன் தங்க விடுவார்களா என்று அவரையே கேட்டு வரச் சொல்லுங்கள். என் கொழுந்தனார் போனார். திரும்பி வந்தவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.